கறுத்த முகமும் விசா படமும்

மலாயாவில் வாழ்ந்த அத்தனை பேரையும் கேமராவின் முன் நிறுத்திய சட்டத்துக்குப் பின்னணி, கோலாகங்சார் மாவட்டத்தில் நடந்த கொலைகள். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் புகைப்படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற ஆணையும் அந்த ஆண்டே வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இன்னொரு படத்துக்காக ஸ்டுடியோ ஏறுகிறார்கள். பாட்டன் பிறந்த ஊரைப் பார்க்கவும், பழனிக்கும் இராமேஸ்வரத்துக்கும் போய் வரவும், திருச்சியிலோ சென்னையிலோ துணிமணி எடுக்கவும் மலேசியர்களுக்கு இந்திய விசா தேவை. பெரும்பாலோர் இணையத்தில் மின்விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். படத்தை ஏற்றும் இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

விதிகள் கடினமானவை அல்ல. இந்திய மின்விசாவுக்கான படம் சதுரமாக இருக்க வேண்டும். ஜேபெக் கோப்பாக, 10 கிலோபைட்டுக்குக் குறையாமல், 1 மெகாபைட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். முகம் நேராக, கண் திறந்து, கண்ணாடி இல்லாமல், உச்சி முடி முதல் மோவாய் வரை முழுதாகத் தெரிய வேண்டும். பின்னணி வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கலாம். முகத்திலும் பின்னணியிலும் நிழல் கூடாது, ஓரத்தில் கட்டம் கூடாது. பொட்டுக்கும் திருநீற்றுக்கும் தடை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. தாளில் அச்சிட்டுக் கொடுப்பதானால் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். அமெரிக்க விசாவுக்கும் இதே அளவுதான். அங்கே 2016 நவம்பர் முதல் கண்ணாடி அணிந்த படத்தை ஏற்பதில்லை, படமும் கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளிலோ கடப்பிதழ்ப் படம் என்றால் கை தானாக 35க்கு 50 மில்லிமீட்டர் என்ற மலேசிய அளவுக்குப் போய்விடுகிறது. அந்த நீள்சதுரத்தைக் கணினியில் இழுத்துச் சதுரமாக்கினால் முகத்தின் அகலம் உயரத்தோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பங்கு கூடிவிடும். கன்னம் உப்பி, கண்கள் விலகி, பார்ப்பது வேறொருவர் முகமாகிவிடும். இழுக்கக் கூடாது. முதலிலேயே தலைக்கு மேலும் தோளுக்கு இருபுறமும் இடம் விட்டு எடுத்து, பிறகு சதுரமாக வெட்ட வேண்டும்.

அளவுத் தவறு எளிதில் திருத்தக்கூடியது. தமிழர் முகங்களுக்கு வரும் பெரிய தொல்லை வேறு. அதைப் பற்றிக் கடைக்காரரும் பேசுவதில்லை, போகிறவரும் கேட்பதில்லை. கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, சட்டகத்துக்குள் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. விசா படத்திலோ பாதிக்கு மேல் வெள்ளைச் சுவர். இவ்வளவு வெளிச்சம் மிகுதி என்று கேமரா முடிவு செய்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. வெளுத்த முகம் அதைத் தாங்கிக்கொள்ளும். கறுத்த முகம் இன்னும் கறுத்து, கண்குழியும் மூக்கோரமும் மோவாய்க்கோடும் ஒன்றோடொன்று கலந்துபோகும். இது தோலின் குறை அல்ல, அளவையின் குறை. இதற்குப் பழைய வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் பல்லாண்டுக் காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அந்தத் தோலுக்குப் பொருந்தும்படிதான் கலர் ஃபிலிமின் நிறங்கள் சரிபார்க்கப்பட்டன. கறுத்த நிறங்களின் நுட்பம் ஃபிலிமில் விழவில்லை என்று அந்த நிறுவனத்தை அசைத்தவை சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் கொடுத்த புகார்கள்தான் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். மனித முகங்களுக்காக அந்த மாற்றம் தொடங்கவில்லை என்பதை நினைக்க வேதனையாக இருக்கிறது.

இருண்டு வந்த படத்தைக் கடையில் என்ன செய்கிறார்கள்? இன்னொரு விளக்கைப் போட்டு மறுபடி எடுப்பதில்லை. கணினியில் முகத்தை வெளுக்கிறார்கள். வெளுக்கும்போதே தழும்பும் மச்சமும் சுருக்கமும் போய்விடுகின்றன. கல்யாண ஆல்பத்தில் பழகிய கை அது. வாங்கிப் போகிறவரும் மகிழ்ச்சியாகத்தான் போகிறார். கைப்பேசியில் எடுத்தாலும் கதை இதுதான்: பல கைப்பேசிகளில் அழகூட்டும் வசதி கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். விசா படம் அளந்து ஒப்பிடுவதற்கான ஆவணம் என்பது இங்கே மறந்துபோகிறது. சில்லு பதித்த கடப்பிதழை உலகிலேயே முதலில் வெளியிட்ட நாடு மலேசியா, 1998இல். இன்றைய கடப்பிதழின் சில்லில் நம் முகப்படம் இருக்கிறது. மின்விசாவோடு இந்தியாவில் இறங்கினால் முகப்பில் மீண்டும் படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வெளுத்து வழுவழுப்பாக்கிய மூன்றாவது முகம் ஒன்றை நாமே நுழைத்தால், ஒப்பிடுகிறவர் மனிதரானாலும் இயந்திரமானாலும் தயங்க நியாயம் உண்டு. மாற்றம் செய்த படங்களைப் பற்றிய அச்சம் அரசாங்கங்களுக்கு வீணாக வந்ததும் அல்ல. 2018இல் ஜெர்மனியில் ஒரு செயற்பாட்டுக் குழு, இரண்டு பேரின் முகங்களைக் கலந்து ஆக்கிய படத்தைக் கொடுத்து உண்மையான கடப்பிதழையே வாங்கிக் காட்டியது. 2025 மே முதல் அந்த நாடு கடப்பிதழுக்குத் தாள் படத்தை ஏற்பதில்லை. பாதுகாப்பான வழியில் நேரடியாக அனுப்பப்படும் மின்படம் மட்டுமே செல்லும். அமெரிக்காவும் மென்பொருளால் திருத்திய விசா படங்களை ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இயந்திரமே கறுத்த தோலுக்கு எதிராகச் சாய்ந்திருக்கும்போது, கொஞ்சம் வெளுத்துக்கொள்வது தற்காப்புதானே என்று கேட்கலாம். சாய்வு இருப்பது உண்மை. பிரிட்டனின் இணையக் கடப்பிதழ்ப் படச் சோதனையை பிபிசி 2020இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களைக் கொண்டு ஆராய்ந்தது. கறுத்த பெண்களின் படங்களில் நூற்றுக்கு 22ஐ அந்தச் சோதனை தரக்குறைவு என்றது. வெளுத்த பெண்களில் 14. ஆண்களில் கறுத்தவர்களுக்கு 15, வெளுத்தவர்களுக்கு 9. 2016இல் நியூசிலாந்தின் இயந்திரம் ஆசிய வம்சாவளி மாணவர் ஒருவரின் படத்தைக் கண் மூடியிருக்கிறது என்று தள்ளியது. அவர் கண் திறந்துதான் இருந்தது. இந்தச் சாய்வைத் திருத்துவது அந்த அரசாங்கங்களின் கடமை, நாம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வெளுப்பது அதற்கு மருந்தாகாது. இருண்ட படத்தில் கேமரா பதிக்காமல் விட்ட விவரத்தைக் கணினி மீட்டுத் தராது. இருட்டைச் சாம்பலாக்கும், அவ்வளவுதான். முகத்தின் மேடு பள்ளம் தெரிந்தால்தான் எந்தக் கண்ணுக்கும் முகம் முகமாகப் படும். அதைக் காட்டக்கூடியது எடுக்கும் நேரத்தில் விழும் வெளிச்சம். தன் நிறத்தை அழித்துக்கொண்டுதான் எல்லை தாண்ட வேண்டும் என்று ஒரு சமூகம் ஒப்புக்கொள்வது எனக்கு ஏற்கக்கூடியதாகவும் இல்லை.

இன்னொரு பேச்சு, இதெல்லாம் வெறும் சடங்கு, அதிகாரி கடப்பிதழைத்தானே பார்க்கப் போகிறார் என்பது. படமோ ஆவணமோ தெளிவாக இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளப்படலாம் என்று இந்திய மின்விசா அறிவிப்பே சொல்கிறது. பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டிய விசா அது. டிக்கெட் எடுத்த பிறகு கடைசி வாரத்தில் படம் திரும்பி வந்தால், தள்ளிப்போவது ஒரு கருமக்கிரியையாகவோ தாய்மாமன் சீராகவோ இருக்கலாம்.

வெளிச்சத்துக்குப் பெரிய செலவில்லை. பகலில் சன்னலைப் பார்த்து நிற்க வேண்டும், சன்னல் முதுகுப்பக்கம் இருக்கக் கூடாது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே வந்தால் நிழல் சுவரில் விழாது. மார்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் மோவாய்க்குக் கீழ் உள்ள இருட்டு குறையும். தாள் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மினுமினுப்பைத் துடைத்துவிட வேண்டும். கறுத்த தோலில் பிளாஷ் ஒளி வெள்ளைத் திட்டாக விழுவது அந்த எண்ணெயால்தான். கைப்பேசித் திரையில் முகத்தின் மேல் விரல் வைத்தால் கேமரா சுவரை விட்டு முகத்துக்கு வெளிச்சம் அளக்கும். அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு, இன்னொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் தானே எடுத்தால் மூக்கு பெரிதாகும். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலை வேண்டாம், தோள் சுவரில் கரைந்துவிடும். கைக்குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கலாம், தாயின் கை தெரியக் கூடாது. எடுத்ததை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்டுடியோவுக்கே போவதானால், உட்காரும் முன்பே இரண்டைச் சொல்லிவிடுங்கள்: எந்த நாட்டு விசா என்பதை, முகத்தை வெளுக்க வேண்டாம் என்பதை. படம் இருண்டிருந்தால் விளக்கை மாற்றி மறுபடி எடுக்கக் கேளுங்கள். கடைக்காரர்களும் இதை வாடிக்கையாளரின் தொந்தரவாக எண்ணாமல், முகத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு விளக்கு வைத்துப் பழகிக்கொண்டால் தோட்டப்புறத்திலிருந்து வரும் பாட்டிகளுக்குப் பேருதவியாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் திரையில் படத்தைப் பெரிதாக்கி, உங்கள் மச்சம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.