தறியை விட்டு எழுந்து வருவாரா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கம் தேர்தல் சமயத்தில் போயிருக்கிறீர்களா, நேயர்களே? ஒரு கட்சியின் ஒலிபெருக்கி ஓய்வதற்குள் மறு கட்சியின் வண்டி வந்துவிடும். அபேட்சகர் கும்பிட்டுக்கொண்டே வருவார். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரும் பதிலுக்குக் கும்பிட்டு, "கட்டாயம் போடுகிறோம்!" என்பார். வருகிற எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்! அவர் மனத்தில் இருப்பதை யார் கண்டது?

அறிஞர் அண்ணாவுக்கே இந்தப் புதிர் விடுபடவில்லை. அவர் பிறந்த ஊர் காஞ்சி. 1953-ல் நெசவாளருக்காகக் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து திருச்சித் தெருக்களில் விற்றவர். 1957-ல் காஞ்சியில் ஜெயித்தார். 1962-ல் அதே காஞ்சியில், காங்கிரஸ் அபேட்சகர் நடேச முதலியாரிடம் சுமார் 9,000 வோட்டில் தோற்றார். வேடிக்கையைப் பாருங்கள்: அதே தேர்தலில் அவருடைய கட்சி 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது! 1967-ல் ஆட்சியையே பிடித்தது, அண்ணா முதலமைச்சரானார்.

யாருக்குப் போடுவார் என்பது ஒரு கவலை. போட வருவாரா என்பது அதைவிடப் பெரிய கவலை. சீமையிலும் இதே கதைதான். பிரிட்டனில் 1950-ல் நூற்றுக்கு 84 பேர் வாக்களித்தார்கள். 2001-ல் 59 பேர்தான்.

வராதவரைச் சோம்பேறி என்று ஏசுவது சுலபம். சற்று யோசியுங்கள். வாக்குப் பதிவு நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று 1996-ல் சட்டம் வந்தது. சரி, வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவருக்கு விடுமுறை கொடுப்பது யார்? புடவை முடிந்தால்தானே கூலி! அதிலும் கோர்வைப் புடவை என்றால் கரைக்கு நாடா வீச இன்னொருவரும் கூடவே உட்காரவேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நின்றுபோகும். வெயிலில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அவர் கைக்காசு.

அப்படியும் அவர் வருகிறாரே, அதுவல்லவா அதிசயம்! 1967-ல் நம் மாநிலத்தில் நூற்றுக்கு 76 பேர் வந்து வரிசையில் நின்றார்கள்.

ஆகவே, ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலன்று உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாளையும், கடையில் மூட்டை தூக்குகிறவரையும் கூலி பிடிக்காமல் காலையிலேயே அனுப்பிவையுங்கள். ஒலிபெருக்கியால் முடியாததை உங்கள் ஒரு வார்த்தை செய்துவிடும்.