வேரழுகலுக்கு உயிருள்ள மருந்து: வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்

ஈப்போ வட்டாரத்தில் கச்சான் என்றாலே மெங்லெம்புதான் நினைவுக்கு வரும். கச்சானும் பயற்றங்காயும் இன்றும் பழைய பால்மரத் தோட்டங்களை ஒட்டிய துண்டு நிலங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் விளைகின்றன. நன்றாக நின்ற செடி பூ விடும் சமயத்தில் திடீரென வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அடுத்த வாரம் பக்கத்துச் செடியும் சாயும்.

முதல் செடி வாடும்போதே அதைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகளவு பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோட்டியம் பூசணம். வேர்ப்பட்டை நார் நாராக உரிந்து, உள்ளே கரும்புள்ளிகள் தெரிந்தால் மேக்ரோபோமினா. அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிடுங்கிய செடியை வரப்பில் வீசாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இந்தப் பூசணங்களுக்கு எதிரி மண்ணிலேயே இருக்கிறது. டிரைக்கோடெர்மா என்ற பூசணம் நோய்ப் பூசணத்தைச் சுற்றி வளைத்துத் தின்பதை ரிச்சர்ட் வெய்ண்ட்லிங் 1932இல் எடுத்துக்காட்டினார். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வேரைச் சுற்றியுள்ள இரும்புச்சத்தை முந்திக்கொண்டு பிடித்து நோய்க்கிருமியைப் பட்டினி போடும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இங்கே வாங்கும் பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது வருமுன் காக்கும் மருந்து. அழுகிவிட்ட வேரை எந்த நுண்ணுயிரும் மீட்டுத் தராது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பத்து மணலில் வெறுமனே தூவினாலும் பலனில்லை. நன்கு மக்கிய எருவில் கலந்து போட்டால்தான் அது பிழைக்கும். பாத்தியில் தண்ணீர் தேங்கினாலும் நோய்க்குத்தான் கொண்டாட்டம். கார்பென்டசிம் போன்ற பூசணக்கொல்லியை அதே விதையில் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய நல்ல பூசணத்தை நாமே கொல்கிறோம்.

உயிரைக் கொண்டே நோயை அடக்கும் இந்த அறிவு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. பால்மரத்தின் வெள்ளை வேர் நோய் பழைய அடிக்கட்டையிலிருந்து பரவுவது. மறுநடவின்போது வரிசைகளுக்கு நடுவே படரவிட்ட அவரை இனக் கொடிகள் கட்டையைச் சீக்கிரம் மக்கச் செய்து நோயின் பலத்தைக் குறைத்தன. அந்தக் கொடிகளை நட்டவை நம் பாட்டன் பாட்டிமாரின் கைகள்.

அதே கைகள் மருந்தடித்து நொந்ததும் உண்மை. தோட்டத்துப் பெண்கள் மருந்தடிப்பில் பட்ட பாட்டைத் தெனாகணித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே ஆண்டு அறிவித்த தடை 2006இல் விலக்கப்பட்டு, 2020 ஜனவரி 1இல்தான் முழுமையாக வந்தது. இவ்வளவு காலம் ஆனதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கூலிக்கு மருந்தடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், பயிற்சி எல்லாம் முதலாளி தரவேண்டியவை. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. நுண்ணுயிர்த் தூளும் மூச்சில் போனால் ஒவ்வாமை தரலாம். அதற்கும் முகக்கவசம் வேண்டும்.

இனி, வாங்கும்போது. நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் மருந்து 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். இந்தத் தூளுக்குச் சில மாதங்களே ஆயுள், வெயிலில் கிடந்தால் அதுவும் இல்லை. எண் இல்லாமல் விற்றால் விவசாய இலாகாவில் புகார் செய்யலாம்.

வீட்டுக் கொல்லைக்கு வாங்கியது ஏமாற்றுச் சரக்கென்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்றாண்டு அவகாசம் உண்டு. விற்பனைக்குப் பயிரிடுபவர் அங்கே பயனீட்டாளராகக் கருதப்படாமல் போகலாம். அவர் 5,000 வெள்ளிக்குட்பட்ட இழப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனுச் செய்யலாம். இரண்டுக்கும் ரசீதும் காலிப் பாக்கெட்டும் வேண்டும்; அறுவடை முடியும்வரை அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.