பாதி மாத்திரை போதுமா?

கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மனிதர்களுக்கான கடைதான். ஆனாலும் சாயங்காலக் கூட்டத்தில் யாராவது ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து நிற்பான். “அக்கா, காய்ச்சல் மாத்திரை ஒண்ணு குடுங்க.” யாருக்கு, என்ன வயசு என்று கேட்டால் சிரிப்பான். “பூனைக்குக்கா. ஒடம்பு கொதிக்குது. பாதி மாத்திரை போதும்ல?”

“அந்தப் பாதியே அதைக் கொன்னுடும்ப்பா” என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

முதலில் அந்தச் சூடு. பூனைக்கும் நாய்க்கும் இயல்பான உடல்வெப்பமே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டித்தான் இருக்கும். 98.6 டிகிரி உள்ள நம் கையால் தொட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும் பூனைகூடக் காய்ச்சல் பூனையாகத் தெரியும். இல்லாத காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்கள் நிறைய.

அடுத்தது கணக்கு. 60 கிலோ மனிதர் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் கிலோவுக்கு எட்டு மில்லிகிராம் சொச்சம் வரும். 4 கிலோ பூனைக்குப் பாதி மாத்திரை என்றால் கிலோவுக்கு 62. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைக்கு நஞ்சேறிய பதிவுகள் உண்டு. உடனே கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்று பேரம் தொடங்கும். எடையை மட்டும் பார்த்துக் குறைத்துக்கொண்டே போகிற விவகாரம் இல்லை இது. நம் கல்லீரல் பாரசிட்டமாலோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்து, சிறுநீர் வழியே வெளியே தள்ளிவிடும். கோத்துவிடும் அந்த நொதி பூனைக்குச் சரியாக வாய்க்கவில்லை. வெளியேறாத மருந்து வேறு வழியில் சிதைந்து நஞ்சாகி, சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு காப்பி நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

நாய்க்கு பாரசிட்டமால் அந்த அளவுக்குக் கொடுமை செய்யாது. அதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். நாய் வளர்ப்பவர்கள் கேட்கும்போது எனக்குப் பயம் தருவது வலி மாத்திரைகள்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக். வயிற்றில் புண், ரத்த வாந்தி, பிறகு சிறுநீரகம். டைக்ளோஃபெனாக்கின் பழைய கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். மாட்டின் வலிக்கு ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியாவில் தடை செய்தார்கள். மாட்டுக்குச் சுகம் தந்தது கழுகுக்கு எமனானது.

பூனையின் கல்லீரல் திணறும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஃபினைல் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் அது நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். தரை காயும்வரை அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்தால் போதும். நாய்க்கென்று வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தில் மிச்சத்தைப் பூனையின் பிடரியில் விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். மிச்சம் வீணாகட்டும், பரவாயில்லை.

எலி மருந்துக்கு வருகிறேன். புரோமடியோலோன் கலந்த கேக்கை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். எலியை இழுக்கிற ருசி நாயையும் இழுக்கும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. ரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே சுழற்சியை அது நிறுத்திவிடுவதால், மூன்று நாள், ஐந்து நாள் கழித்து மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். நாய் சோர்ந்து படுக்கும். “அன்னிக்கே தின்னுச்சுக்கா, ஒண்ணும் ஆகல” என்பவர்களை அன்றைக்கே மருத்துவரிடம் விரட்டுவேன். கருப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடு வேறு ரகம். வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயு கிளம்பும். அதைத் தின்ற நாய்க்குச் சோறு வைக்காதீர்கள், அமிலம் கூடும். அது வாந்தி எடுத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு நீங்களும் தள்ளி நில்லுங்கள்.

சமையலறையில் சாக்லேட்டும் வெங்காயமும் ஆகாது என்பது ஓரளவு பரவிவிட்டது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்திருந்தும், ஏன் என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே கோளாறு வந்தபோது, அதில் கலந்திருந்த டார்டாரிக் அமில உப்பின் மேல் அமெரிக்க நச்சு மருத்துவர்களின் சந்தேகம் விழுந்தது. 2021இல் அதை எழுதினார்கள். அந்த அமிலம் ஏராளமாக இருப்பது நம் புளியில். நம்மூர் நாய்கள் ரசஞ்சோறு தின்று வளர்ந்தவைதானே என்று கேட்பீர்கள். கரைத்து வடித்த ரசத்துக்கும் ஜாடியிலிருந்து உருட்டிப்போன புளி உருண்டைக்கும் அளவில் வித்தியாசம் இருக்கிறது. என்னைக் கேட்டால் சோற்றில் ரசத்தையும் தவிர்த்துவிடுவேன்.

எதையாவது தின்றுவிட்டது என்றால் நம் வீடுகளில் கை முதலில் போவது உப்புக்கு. உப்புக் கரைசலைப் புகட்டினால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே வலிப்பைக் கொண்டுவரும். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்ததை வாந்தி எடுக்க வைத்தால் வரும் வழியில் இன்னொரு தரம் புண்ணாக்கும், நுரையீரலிலும் இறங்கும். ஒன்றும் புகட்டாமல், அட்டையையோ உறையையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது, எத்தனை மணிக்கு, செல்லத்தின் எடை என்ன என்பதைப் போகும்போதே மருத்துவரிடம் போனில் சொல்லிவிடுங்கள்.

ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பாரசிட்டமால் நஞ்சுக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீனும், எலி கேக்குக்கான வைட்டமின் கே1ம் மனிதர்களுக்கும் எழுதுகிற மருந்துகள்தாம். கால்நடை மருத்துவரிடம் கைவசம் இல்லாவிட்டால் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடலாம். என் கடை இரவு பத்தரை வரை திறந்திருக்கும்.