மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்!

குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், முதலில் அடகுக் கடைக்குப் போவது மனைவியின் நகை. அடுத்துப் போவது பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணம். அதற்குப் பிறகு கடன்.

இந்தக் கஷ்டம் வரக்கூடாது என்றுதான் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள். "மெடிகிளைம்" என்ற பெயரில் இது 1986-ம் ஆண்டில் இந்தியாவில் வந்தது. இன்று கம்பெனிகள் பல. எதை நம்புவது?

முதலில் ஒன்று. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியம் கிடையாது. அந்த அட்டை வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். மற்றவர்கள் மேலே படியுங்கள்.

நாலு பேர் சொல்வது

புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம். இன்ஷூரன்சுக்கும் நாலு பேரைக் கேட்பது நல்லதுதான். இப்போது செல்போனிலேயே கம்பெனிகளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள்.

ஆனால், யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பணம் கிடைக்காதவர் கோபத்தில் எழுதுவார். கிடைத்தவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். பாலிசி வாங்கிய மறுநாளே புகழ்கிறவரும் உண்டு. அவர் இன்னும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை!

ஆகவே, புகழ்ச்சியைத் தள்ளுங்கள். ஒரே குறையைப் பலர் சொன்னால் மட்டும் கவனியுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையம் ஐதராபாத்தில் இருக்கிறது. 100 ரூபாய் பிரீமியத்துக்குக் கம்பெனிகள் எத்தனை ரூபாய் சிகிச்சைக்காகக் கொடுத்தன என்ற கணக்கை அது ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தக் கணக்கு, ஆயிரம் பேச்சுக்குச் சமம்.

அறை வாடகையில் சூட்சுமம்

ரூ.5 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவர் ஒருவர். நாள் வாடகை ரூ.5 ஆயிரம் வரைதான் என்று பாலிசியில் இருக்கிறது. அவர் ரூ.8 ஆயிரம் அறையில் நாலு நாள் தங்கினார் என்று வைத்துக்கொள்வோம்.

"வித்தியாசம் 12 ஆயிரம்தானே, கொடுத்துவிடலாம்" என்று நினைப்பார். அங்கேதான் இடி! டாக்டர் கட்டணம், ஆபரேஷன் அறைக் கட்டணம் ஆகியவற்றையும் கம்பெனி அதே விகிதத்தில் குறைக்கலாம். அவை ரூ.1 லட்சத்து 60 ஆயிரம் என்றால், கிடைப்பது ரூ.1 லட்சம். மீதி 60 ஆயிரம் அவர் தலையில்! மருந்து பில்லுக்கு இந்த வெட்டு கிடையாது.

வாடகை வரம்பு இல்லாத பாலிசியும் உண்டு. பிரீமியம் கொஞ்சம் கூடும். கேட்டு வாங்குங்கள்.

மறைத்தால் மோசம்

"சர்க்கரை வியாதி இருப்பதை எழுதாதீர்கள். பிரீமியம் ஏறிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "பத்து வருஷமாகச் சர்க்கரை" என்று டாக்டர் எழுதுவார். அந்த ஒரு வரி போதும், பணத்தை மறுக்க!

உண்மையைச் சொன்னால் நஷ்டம் இல்லை. ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருக்கும் காலம் 4 ஆண்டுகள் வரை இருந்தது. 2024-ல் அது 3 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் காக்க வைக்க முடியாது. ஆகவே, உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுப்பது புத்திசாலித்தனம்.

உங்கள் உரிமைகள்

* பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

* ரொக்கம் கட்டாமல் சிகிச்சை பெறும் மனுவுக்குக் கம்பெனி 1 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும்போது பில்லை 3 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

* பணம் மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால், இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டாம்.

* 2025 செப்டம்பர் 22 முதல், தனி நபரும் குடும்பமும் எடுக்கும் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. வரி இல்லை. முன்பு 100-க்கு 18 ரூபாய் இருந்தது.

கடைசியாக ஒரு வார்த்தை. பாலிசியைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுப்பது நீங்களாக இருந்தால், அதைத் தேடி எடுக்க வேண்டியவர் உங்கள் மனைவி. அது எங்கே இருக்கிறது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள்.