உங்களுக்குத் தெரியுமா? நீரின் சலனமே மீனுக்கு வழிகாட்டி

செவுளுக்குப் பின்னிருந்து வால் வரையில், மீனின் இரு பக்கங்களிலும் நூலால் தையலிட்டதுபோல் ஓடும் மெல்லிய கோட்டைச் சந்தையில் மீன் வாங்குவோர் எத்தனையோ முறை கண்டிருப்பார்கள். அது வெறும் அலங்காரமன்று, நீரின் சலனத்தை உணர்வதற்கென்றே அமைந்த விசேஷ இந்திரியம். அக்கோட்டின் நெடுகிலும் செதில்களில் நுண்துளைகள் உண்டு. அவை திறக்கும் குழாயினுள்ளும், தோலின் மேற்பரப்பிலும், சூட்சுமமான மயிர்களையுடைய உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து, வழவழப்பான சிறு குமிழ்களில் அம்மயிர்களைப் புதைத்து வைத்திருக்கின்றன. நீர் சற்றே அசைந்தாலும் குமிழ் சாய்கிறது, மயிர் வளைகிறது, செய்தி நரம்பின் வழியே மூளையை அடைகிறது. நம் உட்செவியில் ஒலியை உணர்வனவும் இவ்வகை உயிரணுக்களே.

இதன் வல்லமையை ஐரோப்பிய நதிகளில் இரவில் வேட்டையாடும் வெல்ஸ் என்ற பெருங்கெளுத்தியிடம் காணவேண்டும். 2001-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், முழு அந்தகாரத்தில் சின்னஞ்சிறு கப்பி மீன்களை அதனோடு விட்டு, அகச்சிவப்பு ஒளியில் படம்பிடித்துப் பார்த்தார்கள். கப்பி நீந்திப்போன பாதையில் நீர் கலங்கிக் கிடந்த தடத்தை, அது 10 வினாடிகள் வரை பழையதாயிருந்தபோதிலும், அது வளைந்தவிடத்தில் தானும் வளைந்து, அடியொற்றித் தொடர்ந்துபோய்ப் பின்னாலிருந்து இரையைத் தாக்கிற்று கெளுத்தி. என்னே இயற்கையின் நுட்பம்! அந்தக் கோட்டின் உணர்வை நீக்கிச் செய்த பிற்காலப் பரிசோதனையில், தடம்பற்றும் இத்திறன் பெரிதும் குன்றிவிட்டது. உடலின் வெளிப்புறத்தில் உள்ள சுவையுணர்வை நீக்கியபோதோ அவ்வளவாகக் குன்றவில்லை.