திறன் ஆட்டமும் நிலையான வருவாயும்

சீட்டாட்டத்தில் தேர்ந்தவரும் பந்தயக் குதிரைகளின் இயல்பை நன்கறிந்தவரும் தம் திறமையைக் கொண்டே குடும்பம் நடத்தலாம் என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கைப்பேசி வழி ஆட்டங்கள் பரவிய பின்னர் வேலை தேடும் இளைஞரிடையேயும் இவ்வெண்ணம் வேரூன்றியது. "இது சூதாட்டமன்று, திறன் ஆட்டம் என நீதிமன்றமே கூறியுள்ளது" என்பது அவர்கள் காட்டும் சான்று. இச்சான்று எதுவரை செல்லும் என்பதை ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், வெறும் திறனால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டமே என உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்வதும், எதை வைத்து எதை விடுவது எனத் தேர்வதும் திறனுக்கு உரியவை என்பது அதன் கருத்து. ஆயினும், பணம் வைத்து ஆடும் ஆட்டத்தால் மன்றத்தை நடத்துபவர் ஆதாயம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சுட்டியது. 1996இல் குதிரைப் பந்தயமும் திறன் சார்ந்ததாக ஏற்கப்பட்டது.

இவ்வழக்குகளில் ஆராயப்பட்டது ஆட்டத்தின் தன்மையேயாகும். அது பிழைப்புக்கு உதவுமா என்பது அங்கு எழவில்லை. அது பொருளியல் சார்ந்த கேள்வி.

ஒரு கணக்கு

சம திறனுடைய ஆறு பேர் தலைக்கு 100 ரூபாய் வைத்து ஆடுவதாகக் கொள்வோம். சேர்ந்த 600 ரூபாயில் நடத்துபவர் 60 ரூபாயை எடுத்துக்கொள்கிறார். வென்றவர் 540 ரூபாய் பெறுகிறார். அறுவரும் மாறி மாறி வென்றால், ஒவ்வொருவரும் ஆட்டத்துக்குச் சராசரியாக 10 ரூபாய் இழப்பர். அனைவரும் பயிற்சியால் திறனை இருமடங்காக்கினாலும் இந்நிலை மாறாது. பயனளிப்பது திறன் அன்று. பிறரைவிட மிகுந்திருக்கும் திறனே. எனவே ஒருவரின் ஆதாயத்துக்குப் பிறரின் தொடர்ந்த இழப்பு இன்றியமையாதது. தொடர்ந்து தோற்பவர் ஆட்டத்தை விட்டு விலக, எஞ்சியோரிடையே போட்டி கடுமையாகிறது.

இனி, ஐந்து ஆட்டங்களுக்கு ஒன்று வீதம் வெல்லும் திறமைசாலி ஒருவரைக் கருதுவோம். அவருக்கு ஆட்டத்துக்குச் சராசரி 8 ரூபாய் மிஞ்சும். ஆனால், 100 ஆட்டங்களின் முடிவிலும் அவர் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மாதந்தோறும் வருபவை. நீண்டகாலச் சராசரிக்காக அவை காத்திரா. அத்தகைய மாதங்களில் கடன் வாங்கி ஆடத் தொடங்குபவரின் மிகைத் திறனை வட்டியே விழுங்கிவிடும்.

வரியின் விளைவு

சீட்டாட்டம், பந்தயம் ஆகியவற்றின் வெற்றித் தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. இழப்பைக் கழிக்க இடமில்லை. மேற்கண்ட திறமைசாலி 100 ஆட்டங்களில் 20 வென்று, தன் பணம் போக 8,800 ரூபாய் பெறுகிறார். 80இல் தோற்று 8,000 ரூபாய் இழக்கிறார். மிச்சம் 800 ரூபாய். வரியோ 2,640 ரூபாய். இணையவழி ஆட்டங்களுக்கு மட்டும் 2023-24 முதல் நிகர வெற்றித் தொகையே வரிக்குரியதாயிற்று. ஆனால், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் திறன், வாய்ப்பு என்னும் வேறுபாடு பாராது தடை செய்ய நாடாளுமன்றம் 2025இல் சட்டம் இயற்றியது.

உழைப்பும் பரிமாற்றமும்

சதுரங்க வீரரும் கிரிக்கெட் வீரரும் திறனால் பொருளீட்டவில்லையா என்று கேட்கலாம். அவர்களுக்கு ஊதியம் தருவோர் பார்வையாளரும் விளம்பரதாரரும் ஆவர். பணம் வெளியிலிருந்து வருகிறது. பந்தயத் தொகையோ ஆடுவோரின் பைகளிலிருந்தே திரள்வது. தேசிய வருமானக் கணக்கில் அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் பரிமாற்றம் மட்டுமே. நடத்துபவர் பெறும் கட்டணமே சேவை உற்பத்தியாகக் கொள்ளப்படும்.

சட்டப்படி சூதாட்டமாகக் கருதப்படாத பங்குச் சந்தை முன்பேர வணிகமும் இவ்வுண்மையை ஒருவாறு விளக்குகிறது. அத்துறையில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் நட்டமடைந்தனர் என 'செபி' 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவர்களுள் திறனற்றோர் மட்டுமே இருந்தனர் எனக் கருத இயலாது.

திறமையால் ஆதாயம் பெறும் சிலர் இருத்தல் கூடும். எனினும் அது சிலருக்கே, சில காலமே கிட்டுவது. நிலையான வருவாய் எனத் திட்டமிட்டுக் குடும்பத்தை அதன் மீது நிறுத்த இயலாது. தாம் வெல்வதாகக் கூறும் இளைஞரிடம் பெற்றோரும் அலுவலரும் கேட்க வேண்டியது ஒன்றே: ஓராண்டில் ஆடிய எல்லா ஆட்டங்களின் வரவையும் செலவையும் எழுதிய கணக்கு. வெற்றி நினைவில் தங்கும். இழப்பு ஏட்டில்தான் தங்கும்.