குறுந்தோட்டிக்கே வாதம் வந்தால்?

புளியரைக்குக் கீழே, சாரல் விட்டிருந்த ஒரு காலை. தரிசில் குனிந்தபடி நடந்துகொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முழங்கால் உயரச் செடி. மஞ்சள் பூ விரிய இன்னும் நேரம் இருந்தது. தண்டை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை ஊன்றி இழுக்கிறார். மழையில் ஊறிய மண்தான், ஆனாலும் செடி லேசில் வருவதாயில்லை. வேரோடு வந்ததும் புறங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்துச் சாக்கில் போடுகிறார். செடியின் பெயர் குறுந்தோட்டி. காயவைத்துக் கட்டுக்கட்டாக வியாபாரியிடம் கொடுத்தால், மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடும்.

“முன்னெல்லாம் ஆத்துமேட்டுலயே கெடக்கும் தம்பி. இப்ப ஓடைக்கு அந்தால போனாத்தான் ரெண்டு செடி தெம்படுது.”

“காய் முத்தி வெதை விழுந்த பெறவு பிடுங்கலாம்லா, பெரியம்மா?”

“நான் விட்டுட்டுப் போனா, பின்னால வாரவ பிடுங்கிட்டுப் போயிருவாளே.”

ஆயுர்வேதத்தை நோக்கி மக்கள் திரும்புகிறார்கள் என்று எழுதத்தான் கிளம்பினேன். திரும்புவது உண்மை. நமக்கு ஆடி பிறக்கும்போது மலையாளத்தில் கர்க்கடகம் பிறக்கிறது. அடைமழையில் செரிமானம் மந்தப்பட்டு வாதம் கிளம்பும் மாதம் அது, உடம்பைத் தேற்றிக்கொள்ள அதுதான் ஏற்ற காலம் என்பது அவர்கள் மரபு. மருந்துக் கஞ்சி, எண்ணெய்த் தேய்ப்பு, பிழிச்சில், ஞவரைக்கிழி எல்லாம் அப்போதுதான் மும்முரமாக நடக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் முதுகுவலிக்காரர்களும் முழங்கால்வலிக்காரர்களும் பெட்டியோடு போய் இறங்குகிறார்கள். வலி குறைந்து திரும்பியவர்களை எனக்கே தெரியும். மருத்துவ ஆதாரம் போதாது என்கிற அலோபதி மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் தனியே நடக்கட்டும். என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு: இத்தனைக்கும் வேர் எங்கிருந்து வரும்?

ஞவரைக்கிழி தயாராவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறுந்தோட்டி வேரை இடித்துக் கஷாயம் வைக்கிறார்கள். அதில் பாலைச் சேர்த்து, ஞவரை அரிசியைக் குழைய வேகவைக்கிறார்கள். துணியில் கொழுக்கட்டை போல முடிந்து, சூடு ஆற ஆறக் கஷாயத்தில் முக்கி முக்கி உடம்பெல்லாம் ஒத்தடம். அரிசி கரைந்து பசையாகிப் பலகையில் வழிகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பாத்திரம் கஷாயம். அதற்குள் எத்தனை செடியின் வேர்! இதுபோல எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை ஊர். க்ஷீரபலா தைலத்துக்கும் இந்த வேர்தான் ஆதாரம். நல்லெண்ணெயையும் பாலையும் இந்த வேரையும் சேர்த்துக் காய்ச்சி வடித்து, மறுபடி புது வேர், புதுப் பால் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ‘101’ என்று போட்டிருந்தால் நூற்றியொரு முறை காய்ச்சியது என்று பொருள். தைலம் சுண்டச் சுண்ட, மலையடிவாரத்தில் செடியும் சுண்டுகிறது.

மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு: குறுந்தோட்டிக்குமா வாதம்? வாதத்தைத் தீர்க்கிற செடிக்கே வாதம் வந்தால் யாரிடம் போவது என்பதுதான் அதன் பொருள். பேச்சுக்குச் சொன்னது இன்று நிஜமாக நடந்துகொண்டிருக்கிறது.

குறுந்தோட்டியாவது செடி. தசமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு அரிஷ்டமாகக் கொடுக்கிறோமே, அதில் பத்து வேர்கள். கண்டங்கத்திரி, முள்ளி, நெருஞ்சில், ஓரிலை, மூவிலை ஆகிய ஐந்தும் சிறியவை. மற்ற ஐந்தும் பெரியவை: வில்வம், குமிழ், பாதிரி, முன்னை, மலையாளத்தில் பலகப்பய்யானி என்கிற மரம். நெருஞ்சிலைப் பற்றிக் கவலையில்லை, காலில் குத்தும் அளவுக்கு எங்கும் கிடக்கிறது. ஆனால் பாதிரியின் வேர் வேண்டுமென்றால் பாதிரியைச் சாய்க்க வேண்டும். பலகப்பய்யானி இரவில் பூக்கும் மரம். வௌவால் வந்து மகரந்தம் சேர்த்தால்தான் வாள் போல நீளக் காய் காய்க்கும். அப்படி ஒரு மரம் வளர்ந்து நிற்க எத்தனை வருஷம் பிடிக்கும், வேரைத் தோண்ட எத்தனை நேரம் பிடிக்கும்?

வேர் கிடைக்காதபோது மரப்பட்டையைப் போடுகிறார்கள். குறுந்தோட்டிக்குப் பதிலாக, அதே இனத்து அரிவாள்மனைப் பூண்டும் கட்டில் கலந்துவிடுகிறது. பச்சையாக இருக்கும்போது இலையைப் பார்த்துச் சொல்லலாம். காய்ந்த வேரில் கைதேர்ந்த வைத்தியரே திணறுவார். நன்னாரி கேட்டால் மாகாளிக்கிழங்கு வருகிறது. வாசனை ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த மாகாளியும் காட்டில் தோண்டி எடுத்ததுதான். நம் வீட்டு ஊறுகாய்க்கும் அதுவே வேண்டும், மருந்துக்கும் அதுவே வேண்டும் என்றால் மலை எவ்வளவுதான் கொடுக்கும்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் 1964-இல் நம் மருந்துகளும் வந்தன. சீசாவின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அச்சிடுகிறார்கள். அது எந்தக் காட்டில் பிடுங்கியது, விதை விழுந்த பிறகா முன்பா என்று ஒரு வரி கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. 2023-இல் அதைத் திருத்தியபோது ஆயுஷ் மருத்துவர்களுக்கும், ஏட்டில் பதிவான மரபறிவுக்கும் சலுகைகள் கிடைத்தன. புளியரை அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது 1952-இல். ரத்த அழுத்தத்துக்கு மருந்து கிடைத்ததென்று உலகமே அந்த வேரைக் கேட்டது. காடுகளில் தோண்டித் தீர்த்தார்கள். இன்று அந்தச் செடி, உலக வணிகத்தில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறது.

நம் முன்னோர் செடிக்குக் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லித்தான் மூலிகை பறித்தார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இந்த நாள், இந்த நேரம், இந்தச் செடி என்று கணக்குப் பார்த்துப் பறித்த கை, ஒரு மலைச்சரிவையே மொட்டையடித்திருக்காது. அந்த அடக்கம்தான் மரபு. அதை விட்டுவிட்டுக் குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பயிரிட்டால் வீரியம் குறையும் என்பார் சிலர். மூலனூர், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். கார்த்திகைப்பூவான செங்காந்தளை வயலில் கொடியேற்றி வளர்க்கிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் மகரந்தம் தானாக ஒட்டுவது கடினம். விடிகாலையில் பெண்கள் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அந்த விதையில் கிடைக்கும் கோல்சிசின், கவுட் மூட்டுவலிக்கு உலகம் முழுக்க மருந்து. நஞ்சுள்ள ஒரு கொடியை இத்தனை பக்குவமாக வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் குறுந்தோட்டியும் ஓரிலையும் மூவிலையும் வராதா? விலை உறுதி கொடுத்து வாங்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மரங்களுக்கு நாம்தான் இடம் தர வேண்டும். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்ததே பாதிரிதான். அங்கே அது தலமரம். வில்வம் இல்லாத சிவன் கோயில் இல்லை. அதே நந்தவனத்தில் பாதிரியையும் குமிழையும் முன்னையையும் நட என்ன தடை? ஏரிக்கரை, பள்ளி வளாகம், சாலையோரம் எல்லாமே இருக்கின்றன. நம் பேரப்பிள்ளைகளின் பிரசவ மருந்துக்கு இன்று நட்டால்தான் உண்டு.

கர்க்கடகச் சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணெய்ப் பலகையில் படுப்பதற்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்: “இந்த வேர் காட்டுல பிடுங்கினதா, வயல்ல விளைஞ்சதா?” நாட்டு மருந்துக் கடையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வியாபாரியைக் கேட்பார். வியாபாரி புளியரைக்கு வந்து, “விதை விழட்டும், தை மாசம் எடுத்துக்கிறேன், அதே விலை தாரேன்” என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.